சொன்ன பேச்சு கேட்கிறவை

முகமூடியின் கொக்கிகள் மேஜை விளிம்பில் டக், டக் என்று பூட்டிக்கொண்டபோது, கதிர் மெஷினை இயக்குகிற சுகந்தியக்காவின் கை தாளம் தப்புவது ஆபேலுக்குத் தெரிந்தது. மற்ற நாள்களில் அந்தக் கொக்கிகளுக்கு ஒரு தாளம் உண்டு, உருமிக்காரன் கையை உதறிவிட்டுத் தட்டுகிற மாதிரி, அவன் அதை மனசுக்குள் அப்படியே திருப்பித் தட்டிப் பார்த்துக்கொள்வான்; இன்றைக்கு ஒன்று விழுந்தது, ஒன்று வழுக்கியது, வழுக்கினது மறுபடி விழுந்தது. வெந்நீரில் போட்டு இளக்கி அவன் மூஞ்சிக்கென்றே வார்த்தெடுத்த வெள்ளைப் பிளாஸ்டிக் வலை நெற்றியிலிருந்து தோள்வரைக்கும் அவனை மேஜையோடு வைத்து அழுத்திற்று. தாடை அசையாது. நாக்குக்கு அடியில் கட்டை. "அசையக் கூடாது, எச்சில் முழுங்கக் கூடாது, சரியா தம்பி?" என்று அக்கா தினமும் சொல்லுவாள், அந்த "சரியா"வைக் கோலிக்குண்டு உருட்டிவிடுகிற மாதிரி கடைசியில் கொஞ்சம் ஓடவிடுவாள். இன்றைக்கு "அசையக் கூடாது" மட்டும்தான் வந்தது. அப்புறம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். செருப்புச் சத்தம் தள்ளிப் போயிற்று, ஈயம் அடைத்து வயிறு பெருத்த அந்தக் கதவு தன் பாட்டுக்கு மூடிக்கொண்டது. பாவி வாய் பூட்டினதற்கு அப்புறம்தான் சொல்லவேண்டியது வாய்க்கு வந்தது. அக்கா, அது நான்தான். உன் குரலில் பேசினது நான்தான். ஐடி கார்டைக் கழற்றாதே. எல்லாம் தொண்டைவரை வந்து நாக்குக்கட்டையில் முட்டிக்கொண்டு நின்றது. ஏல, இவ்வளவு நேரம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாயே, அப்போ என்னத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்தாய் என்று ஹெட்மாஸ்டர் தேவசகாயம் குரலில் மண்டைக்குள் ஒரு அதட்டல். முன்பெல்லாம் அவர் குரல் அவனுக்கு நன்றாக வரும். யார் குரல்தான் வராது, அவன் குரலைத் தவிர.

கொஞ்சம் முன்னால் வெளிக் கூடத்தில் வெள்ளைப்பாண்டி மாமா வந்து நின்றார். ரயில்வே கேட்டில் கேட்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர், கழுத்தில் கட்டி, ஆபேலுக்கு ஒரு வாரம் பிந்தி இங்கே சேர்ந்தவர், ரெண்டு வாரத்துக்கு மேலாக ஆளையே காணோம் என்று எல்லாரும் தேடிக்கொண்டிருந்தவர். மொட்டைத் தலை. மொட்டையில் சந்தனம் காய்ந்து மழை காணாத குளம் மாதிரி வெடித்திருந்தது. துண்டில் பொட்டலம் பொட்டலமாகத் திருச்செந்தூர் இலை விபூதி. "சுகந்தித் தாயி எங்க? அவளுக்குத்தான் மொத இலை" என்றார், கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி. அக்கா வெளியே வந்தாள். "அண்ணாச்சி! எங்க போனீங்க? போன் போட்டுப் போட்டு என் விரலே தேஞ்சுபோச்சு." "கோயிலுக்குக் கெளம்புனவனுக்கு எதுக்கும்மா போனு? அணைச்சு வச்சிட்டேன். போற வழில மக வீட்ல ரெண்டு வாரம் தங்கி, நேத்துதான் மொட்ட போட்டேன். நீதான சொன்ன, முடிஞ்சிட்டு, இனிமே வர வேண்டாம்னு." "நானா?" என்றாள் அக்கா. அந்த "நானா" மேலே ஏறி நடுவில் முறிந்தது. ஏறின இடம், முறிந்த இடம், ரெண்டையும் ஆபேலின் காது அந்த நேரத்திலும் அளந்து எடுத்து வைத்துக்கொண்டது. வெட்கங்கெட்ட காது. வீடு தீப்பிடித்து எரிந்தாலும் எரிகிறது எந்தச் சுருதியில் எரிகிறது என்று பார்க்கிற காது. அந்நேரத்துக்கு டாக்டர் லலிதாம்பிகையும் வந்துவிட்டார். "யார் சொன்னா?" "இந்தப் பொண்ணுதான் மேடம். கொரலு எனக்குத் தெரியாதா? என் சர்வீஸ் பூராவும் போன்ல வந்த கொரலக் கேட்டுத்தான் கேட்ட அடச்சேன்." டாக்டர் அவர் கழுத்தைத் தடவினார், விரல் ஓர் இடத்தில் போய் நின்றுகொண்டது. சட்டைக் காலருக்கு மேலே எலுமிச்சங்காய் அளவுக்குத் தள்ளிக்கொண்டு நின்றது கட்டி. போகும்போது அது கடலைப்பருப்பாகத்தானே சுருங்கியிருந்தது. "சுகந்தி, உள்ள படுக்க வேண்டிய பையனை முடிச்சிட்டு என் ரூமுக்கு வா. ஐடி கார்டைக் கழட்டிக் கையில எடுத்துட்டு வா." ஒப்பந்தத்தில் இருக்கிற பிள்ளை. ஒரு புகார் போதும், நாளைக்கு அந்த மைக்கில் வேறொருத்தி பேசுவாள். ஆபேல் எழுந்திருக்கிறதற்குள் அக்கா உள்ளே போய்விட்டாள். ஒலிபெருக்கியில் அவன் பெயரை அக்காதான் கூப்பிட்டாள், "ஆபேல், உள்ள வாங்க" என்று, "உள்ள"வுக்கு முன்னால் அவள் இழுக்கிற அந்தக் குட்டி மூச்சோடு. அந்த மூச்சுதான் திறவுகோல். அதைப் பிடித்தால் அக்கா மொத்தமும் கைக்குள் வந்துவிடுவாள். அன்றைக்கு அப்படித்தான் பிடித்தான்.

மெஷின் முனக ஆரம்பித்தது. தலைக்கு மேலே கனத்த தலை ஒன்று நகர்ந்து, நின்று, யோசித்து, மறுபடி நகர்ந்தது. வலிக்காது, சுடாது, ஒன்றும் தெரியாது, அதுதான் அதில் இருக்கிற அயோக்கியத்தனம். முதல் நாள் அவன் கேட்டான், அப்போது குரல் கண்ணாடி மாதிரி இருந்தது, "மேடம், இந்த லைட்டு உள்ள போயி என்ன செய்யும், எரிச்சிருமா?" டாக்டர் அவன் வாய்க்குள் டார்ச் அடித்துக்கொண்டே சொன்னார், "எரிக்காது தம்பி. ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் நூல் மாதிரி ஒண்ணு இருக்கு, அது எப்படி வாழணும்கிறது பூராவும் அந்த நூல்லதான் இருக்கு. கதிர் போய் அதை அறுத்துவிடும். அவ்வளவுதான் எங்க வேலை. மிச்சத்தை செல்லே பாத்துக்கும்." "பாத்துக்கும்னா?" "தானே செத்துப்போகும்." அவன் சிரித்துவிட்டான். டாக்டர் சிரிக்கவில்லை. செல்லுக்குள் ஒரு காவல்காரன் உண்டாம், புரதம்தான், அதற்குப் பெயர்கூடக் கிடையாது, ஐம்பத்துமூன்று என்று ஒரு நம்பர்தான். நூல் அறுந்தது தெரிந்ததும் அவன் ஓடி வருவானாம், பெருகுற வேலையை முதலில் நிறுத்தச் சொல்லுவானாம், தைக்க ஆள் விடுவானாம், தைத்தால் சரி, தைக்க முடியாத அளவுக்குக் கிழிந்துபோயிருந்தால், "முடிச்சுக்க" என்பானாம். அந்தச் செல் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதாம். உள்ளே வைத்திருக்கிற கத்தரிக்கோல்களைத் தானே எடுத்துத் தன்னைத்தானே நறுக்கிக்கொண்டு, சுருங்கி, சின்னச் சின்னப் பொட்டலமாகத் தன்னைக் கட்டி வைத்துவிடுமாம், பக்கத்தில் இருக்கிற செல்கள் எடுத்துத் தின்றுவிடுமாம். கொட்டு இல்லை, அழுகை இல்லை, நாற்றம்கூட இல்லை. ஆபேலுக்கு அது பிடித்துப்போயிற்று. ராத்திரி வார்டில் படுத்துக்கொண்டு ஐம்பத்துமூன்றாம் நம்பர் கான்ஸ்டபிளுக்குக் குரல் தேடினான், தாழையூத்து ஸ்டேஷன் ஏட்டு குரல் கச்சிதமாகப் பொருந்தியது, வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "ஏய், யார்ல அது, நூலு அந்துபோயி நிக்கது? வண்டிய ஓரங்கட்டு. ரிப்பேர் ஆவுமா ஆவாதா? ஆவாதா? அப்பம் முடிச்சுக்கிடு, நான் போயி டீ குடிக்கணும்." போர்வைக்குள் கிடந்து சிரித்தான். அம்மா எழுந்து, "எய்யா, என்ன செய்யுத? இங்கன வந்து ஒன் சேட்டையக் காட்டாத, ஒருத்தர் கொரலும் பேசப்படாது, என் தலைல கை வச்சு சொல்லு" என்று கையை இழுத்து வைத்துக்கொண்டாள். ஊரில் அவனால் அவள் பட்ட பாடு கொஞ்சமா? பாஸ்டர் குரலில் போன் போட்டு ஆராதனை இல்லை என்று சொல்லி ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலையே காலியாக்கினவன். அதனால் ஆஸ்பத்திரியில் அவன் ஊமை மாதிரி இருந்தான். நர்சுகள் "அமைதியான பையன்" என்றார்கள். அமைதியான பையன் கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு தொண்டையாகத் திருடிக்கொண்டிருந்தான்.

ஆனால் டாக்டர் சொன்னதில் ஒரு மிச்சம் இருந்தது, அன்றைக்கு அது காதில் விழுந்தும் விழாமல் போன மிச்சம். கெட்ட செல் இருக்கிறதே, அது பல பேருக்கு அந்தக் காவல்காரனையே அடித்துப் போட்டுவிட்டுத்தான் கெட்டே போயிருக்குமாம். நூல் நூறு இடத்தில் அறுந்தாலும் அதன் காதில் "முடிச்சுக்க" விழாது. அதனால்தான் தினம் தினம், விடாமல், அறுத்ததையே அறுத்து, பெருகும்போது தானாக இடறி விழுந்து சாகும்வரைக்கும் அறுக்கவேண்டியிருக்கிறது. நடுவில் விட்டால் அது முந்திக்கொள்ளும். நல்ல செல்களுக்கு அந்த வம்பே கிடையாது. எச்சில் ஊறுகிற சுரப்பியில் இருக்கிறவை தங்கமான பிள்ளைகள், முதல் வாரமே சொன்ன பேச்சைக் கேட்டுச் செத்துப்போயின. இப்போது வாயில் எச்சில் என்று எதுவும் இல்லை, பசை இருக்கிறது. நாக்கில் ருசி அறிகிறவை அதற்கு அடுத்து. அம்மா சொதி வைத்து எடுத்து வந்தாள், தேங்காய்ப்பால் மண்கரைசல் மாதிரி இறங்கிற்று, "நல்லாருக்காய்யா?" என்றதற்கு நல்லாருக்கு என்றான். அப்புறம் குரல். ஒரு நாள் காலையில் ஏட்டு வரவில்லை. மறுநாள் பாஸ்டர் வரவில்லை. ஹெட்மாஸ்டரின் அடித்தொண்டை உறுமல் ஒரு வாரம் தாக்குப்பிடித்தது, அதுவும் காற்றாகப் போயிற்று. ஒவ்வொருத்தராக எழுந்து வெளியே போகிற மாதிரி, ஊரே காலியாகிற மாதிரி. அவன் தொண்டைக் கட்டி மட்டும் இன்னும் உட்கார்ந்திருக்கிறது, சுருங்கியிருக்கிறது ஆனால் உட்கார்ந்திருக்கிறது, கடைசி பெஞ்சில் காலை நீட்டிக்கொண்டு, யார் வந்து எழுந்திரு என்றாலும் எழுந்திருக்காமல். யார் அது? அது நீதான்ல. உன் சாதிதான் அது. சண்டே ஸ்கூல் நாடகத்தில், பெயர்தான் ஆபேல் ஆச்சே, ஆபேல் வேஷம் போடு என்று டீச்சர் சொன்னதற்கு, மாட்டேன், செத்து விழுகிறவனுக்கு வசனமே இல்லை, தம்பியைக் கொல்கிற அண்ணன் காயீன்தான் போடுவேன் என்று அடம்பிடித்தவன் அல்லவா நீ. சொன்ன பேச்சு கேட்காததெல்லாம் உட்கார்ந்திருக்கும். கேட்கிறதெல்லாம் பொட்டலம் கட்டிக்கொண்டு போகும். என்ன நியாயம் இது, எந்த ஊர் நியாயம், முழுங்காதே, முழுங்கக் கூடாது, முழுங்க எச்சில்கூட இல்லாதவனிடம் என்ன முழுங்காதே.

வெள்ளைப்பாண்டி மாமா சொன்ன பேச்சு கேட்கிற ஆள். உப்பும் சோடாவும் போட்டு வாய் கொப்பளி என்றால் மணி பார்த்துக் கொப்பளிப்பார், காரம் தொடாதே என்றால் மிளகாய் கிள்ளின கையைக்கூட முகர மாட்டார். கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, "மருமவனே" என்றுதான் கூப்பிடுவார், மகளைக் கட்டிக்கொடுத்துப் பேரன் எடுத்துவிட்டு இவனுக்கு என்ன மருமகன் முறையோ. கேட் கதை சொல்லுவார். "டேசன்லேருந்து மாஸ்டர் பேசுவாரு மருமவனே, மூஞ்சியப் பாத்ததே இல்ல, கொரலுதான். வண்டி வருது, கேட்ட அடைங்கும் அந்தக் கொரலு. ஆனா வெறும் கொரல நம்பி அடைக்கப்படாது, தெறக்கப்படாது. அவரு ஒரு ரகசிய நம்பர் சொல்லணும், நான் என் நம்பரச் சொல்லணும். அப்பத்தான் செல்லும். எவனாவது குடிகாரப்பய போன எடுத்துப் பேசி வண்டியக் கவுத்துரக் கூடாதுல்லா." அதைக் கேட்டுவிட்டுத்தானே அந்தக் கிறுக்கு ஏறியது. உடுப்பு மாற்றுகிற இடத்தில் பச்சைத் திரை போட்ட தடுப்புகள், மாமா ஒன்றில், அவன் அடுத்ததில், கையில் வாய் கொப்பளிக்கிற எவர்சில்வர் டம்ளர். காலியாக இருந்தது. ஒலிபெருக்கிப் பெட்டியின் அந்தத் தகரத்தனம் டம்ளருக்குள் வாயை வைத்தால் வந்துவிடும் என்று தெரிந்தபிறகு சும்மா இருக்க அவனால் முடியுமா? குட்டி மூச்சை இழுத்தான். "வெள்ளைப்பாண்டி அண்ணாச்சி, உங்களுக்கு இன்னையோட முடிஞ்சிருச்சு. டாக்டர் சொல்லிட்டாங்க. நாளையிலேருந்து வர வேண்டாம், சரியா?" கோலிக்குண்டு அழகாக உருண்டு போயிற்று. அவ்வளவு சுத்தமாக அவன் யாரையும் பேசினதில்லை. இப்போது திரையை விலக்கிக்கொண்டு வந்து, "மாமா, நம்பர் கேட்டீங்களா நம்பர்?" என்று சிரிக்கவேண்டியதுதான் பாக்கி. திரைக்கு அந்தப் பக்கம் மாமா பொத்தென்று உட்கார்கிற சத்தம். பிறகு ஒரு விசும்பல். அறுபது தாண்டின ஆம்பிளை, "முருகா" என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற சத்தம், அது எந்தக் குரலிலும் சேராது, அதை எடுத்து வைத்துக்கொள்ள ஆபேலின் காதுக்குத் தைரியம் வரவில்லை. திரையை அவரே விலக்கினார். சட்டையைத் தப்புப் பொத்தானில் மாட்டிக்கொண்டு, அவன் தலையைப் பிடித்து நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டார். "பொழச்சிட்டேன்ல மருமவனே. நீயும் பொழப்ப. ஒனக்கும் சேத்து மொட்ட போடுதேன்." அந்த நெஞ்சில் வேர்வை வாசனை, வேட்டியில் பச்சைக் கற்பூர வாசனை. அப்போது சொல்லியிருக்கலாம். வாய் திறந்துதான் இருந்தது, எச்சில்கூடக் கொஞ்சம் மிச்சம் இருந்தது. சொன்னால் அந்த முகத்தில் இருந்த வெளிச்சத்தை அவனே ஊதி அணைக்கவேண்டும். அதற்குள் மேலே பெட்டியில் நிஜமான அக்கா, "ஆபேல், உள்ள வாங்க" என்றாள். போனான். ஆஸ்பத்திரியில் கூப்பிட்டுவிடுவார்கள், நாளைக்கே வந்து திட்டுவார், மறுநாள் வருவார், அதற்கும் மறுநாள். நம்பர் கேட்காமல் கேட்டைத் திறந்துவிட்டார் மனுஷன். வாழ்நாளில் முதல்தடவையாக. நல்ல செய்தி என்பதால் கேட்கவில்லை. சாகச் சொல்லுகிற குரலுக்கும் பிழைத்தாய் என்கிற குரலுக்கும் என்ன வித்தியாசம், ரெண்டுக்கும் தங்கமான பிள்ளைகள் தலையை ஆட்டும்.

மெஷின் மறுபக்கம் சுற்றி வந்து நின்றது. இது கடைசிப் பக்கம். இன்னும் கொஞ்சம். கதவு திறந்ததும் சொல்லிவிடவேண்டும், அக்கா கொக்கியைக் கழற்றுகிற முன்னாலேயே, இல்லை, கழற்றினால்தானே வாய், சரி, கழற்றின உடனே. சொன்னால் என்ன செய்வார்கள்? போலீஸ்? வெளியே துரத்திவிடுவார்களா? மிச்சம் இருக்கிற நாளை நிறுத்திவிட்டால்? கடைசி பெஞ்சுக்காரன் முந்திக்கொள்வானே. முந்திக்கொள்ளட்டும். எலுமிச்சங்காய். அந்த எலுமிச்சங்காயை யார் வளர்த்தது? தண்ணீர் ஊற்றி, டம்ளரால் ஊற்றி. ஏட்டையா, வாங்க, எங்க போனீங்க, ஒருத்தன் நிக்கான் பாருங்க, நூலெல்லாம் அந்து தொங்குது, ரிப்பேர் ஆவாது, வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. ஏட்டு வரவில்லை. உள்ளே இருந்து ஒருத்தரும் வரவில்லை. முனகல் நின்றது. கதவு.

அக்கா கொக்கிகளைக் கழற்றினாள். கழுத்தில் ஐடி கார்டு இல்லை, நாடாவின் சுவடு மட்டும் இருந்தது. நாக்குக்கட்டையைத் துப்பிவிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தான். "அக்கா, நான்தான்" என்றான். சருகை மிதித்த சத்தம் வந்தது. "பேசாத தம்பி, தொண்டையை வருத்தாத" என்றாள், அவன் முகத்தில் பதிந்திருந்த வலைத்தடத்தைத் துடைத்துவிட்டாள். அவள் பின்னாலேயே டாக்டர் அறைக்குள் நுழைந்தான். மாமா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார், அம்மா அவனைத் தேடி வந்து வாசலில் நின்றாள். "மேடம், அக்கா சொல்லல. நான். திரைக்கு இந்தப் பக்கம் நின்னு. அவங்க குரல்ல." ஒவ்வொரு சொல்லுக்கும் தொண்டையில் கண்ணாடித்தூள் அரைபட்டது. டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "சுகந்தி குரல்லயா? நீயா?" "பேசிக் காட்டுதேன்." குட்டி மூச்சை இழுத்தான், திறவுகோல் திரும்பியது, கதவு திறந்தது, உள்ளே அறை காலி. வந்தது ஒரு சீறல். மறுபடி இழுத்தான். "உள்ள" என்ற இடத்தில் காற்று, "சரியா" என்ற இடத்தில் இருமல். அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அம்மா, நீ சொல்லு, பாஸ்டர் குரலைச் சொல்லு, கோயிலைக் காலியாக்கினதைச் சொல்லு. உலகத்தில் அவனுக்கு இருந்த ஒரே சாட்சி அவள். டாக்டரும் அவளைத்தான் பார்த்தார். "ஏம்மா, உங்க பையன் இப்படியெல்லாம் பேசுவானா?" அம்மாவின் கண் மேஜையில் இருந்த அவன் சிகிச்சை அட்டையில், இன்னும் நிரப்பாத நாள்களின் கட்டங்களில் போய் நின்றது, அங்கேயே நின்றது. "இல்ல மேடம். அவனுக்கு அதெல்லாம் தெரியாது. வீட்ல வாயே தெறக்க மாட்டான்." ஆபேல் மேஜையைக் கையால் அடித்தான், தலையை ஆட்டினான், அம்மா சொல்வது பொய் என்று உதடு மட்டும் அசைந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தாள், "எனக்காகப் பொய் சொல்லாத தம்பி" என்றாள்.

மாமா மெதுவாக எழுந்து வந்தார். துண்டிலிருந்து ஓர் இலையைப் பிரித்தார். கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பி அவன் நெற்றியில், வலையின் தடத்துக்கு மேலே, விபூதியை அழுத்திப் பூசினார். கோயில் விபூதி பிள்ளை மேல் படுவதற்கு எப்போதும் சம்மதிக்காத அம்மா இன்றைக்குத் தடுக்கவில்லை.

"பொண்ணுக்கு வேல போயிரக் கூடாதுன்னு பழிய இழுத்துப் போட்டுக்கிடுதான் பாருங்க மேடம்" என்றார் மாமா. "நல்ல பையன்."